சுவருக்கு வெளியே நிற்கும் கேமரா

(தலைப்பு: வீடு தேடுவோருக்குத் துணை நிற்பது எடுத்த படமா? கணினி வரைந்த படமா? 'எடுத்த படமே' என்ற அணியில் நின்று பேசியது.)

எதிரணியிலே, இன்னும் கட்டாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறி உட்கார்ந்திருக்கும் என் இனிய நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தொலைக்காட்சி வழியாக வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

வீட்டிலிருந்தபடியே பார்ப்பது. பாருங்க, இன்றைக்குத் தலைப்பே அதுதான். வீட்டில் உட்கார்ந்துகொண்டே இன்னொரு வீட்டைப் பார்ப்பது. அந்தக் காலத்தில் வீடு பார்க்கப் போனால் நாலு பேர் போவோம். ஒருத்தர் சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஒருத்தர் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பார். மாமா ஒருத்தர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். எதுக்குப் பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. (சிரிப்பு) இப்போது செல்போனைத் திறந்தால் போதும், வீட்டுக்குள்ளே போய் வந்துவிடலாம்.

அதிலே இரண்டு வகை. நடுக்கூடத்திலே ஒரு முக்காலி வைத்து, அதன் தலையிலே ஒரு சின்னக் கேமராவை வைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கண், முதுகில் ஒரு கண். ஒவ்வொரு கண்ணும் பாதி உலகத்தை, பாதிக்குக் கொஞ்சம் கூடவே, பார்க்கும். இரண்டு படத்தையும் கம்ப்யூட்டர் ஓரம் சேர்த்துத் தைத்துவிடும். பிறகு நீங்கள் விரலால் தள்ளத் தள்ளக் கூடம் சுற்றும். அண்ணாந்தால் ஃபேன், குனிந்தால் தரை. இது எங்க அணி. இன்னொன்று இருக்கிறது. அதற்கு வீடே வேண்டாம். வரைபடத்தை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே சுவர் எழுப்பி, பெயிண்ட் அடித்து, சோபா போட்டு, கடைசியில் சூரியனையும் ஏற்றி விடுவார்கள். இது அவங்க அணி.

எதிரணித் தலைவர் பேசும்போது, கற்பனை இல்லாமல் கட்டடம் உண்டா, கணினிச் சித்திரம் என்பது கட்டடக் கலைஞனின் கவிதை என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இவர் தமிழ் வாத்தியார், கவிதை என்றால் விழுந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. ஐயா, நான் முப்பது வருஷமாகக் கவிதை நடத்துகிறேன். பெண்ணின் முகம் நிலவு என்று பாடிய புலவன் எவனும், "நிலவு மாதிரி இருக்கும், முதலில் அட்வான்ஸ் கட்டு" என்று கேட்டதில்லை! (கைதட்டல்)

இன்னொரு நண்பர், மயன் எங்கள் கட்சி என்றார். மயன் கட்டிய சபையிலே துரியோதனன் தரையைத் தண்ணீர் என்று நினைத்து ஆடையைத் தூக்கினான், தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுந்தான். உண்மை. ஆனால் மயன் எவ்வளவு நேர்மையான ஆள் பாருங்க. கட்டி முடித்த பிறகுதான் காட்டினான்! (சிரிப்பு)

கவிதையே வேண்டுமா? நெடுநல்வாடைக்குப் போவோம். நக்கீரர் அதிலே ஓர் அரண்மனை எழுப்புகிறார். எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் வேளை பார்த்து, திசையைக் குறித்து, நூல் பிடித்து அளந்து, அதற்கப்புறம்தான் மனை வகுக்கிறார்கள். பாட்டுக்குள்ளே கட்டுகிற அரண்மனைக்கே, சூரியனைக் கேட்டுக்கொண்டுதான் புலவன் அஸ்திவாரம் போட்டான். நடுவர் அவர்களே, இந்தச் சூரியனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அவரைப் பற்றித்தான்.

2018ஆம் ஆண்டு. என் அப்பா காலமாகி ஒரு வருஷம். அம்மா ஊரில், உசிலம்பட்டிப் பக்கம், தனியாக இருந்தார்கள். முழங்கால் வலி. விடிந்ததும் திண்ணையில் வெயிலில் காலை நீட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் அப்புறம் எழுந்து நடக்க முடியும். நாங்கள் மதுரையில் மாடியில் வாடகைக்கு இருந்தோம். படி ஏற அம்மாவால் ஆகாது. "அம்மா, லிப்ட் வெச்ச வீடா ஒண்ணு வாங்குறேன், வந்துரும்மா" என்றேன். அம்மா சொன்னார்கள்: "வர்றேன்யா. எனக்குக் கட்டிலு மெத்தையெல்லாம் வேணாம். காலங்காத்தால கொஞ்சம் வெயிலு வேணும். அது இருக்கான்னு மட்டும் பாத்து வாங்கு."

அவ்வளவுதான் கேட்டது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏசி அறை. ஆளுக்கு ஒரு டம்ளர் பாதாம்பால். சுவர் முழுக்கத் திரை. டை கட்டிய ஒரு தம்பி வந்து, "சார், உக்காருங்க, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றான். எங்க வீடு! அந்த இடத்தில் அன்றைக்குத் தகரவேலி மட்டும்தான் இருந்தது. விளக்கை அணைத்தான். திரையில் கதவு திறந்தது. கூடம். பெரிய சன்னல். சன்னலுக்கு வெளியே மரங்கள். அதன் வழியாக வெயில் வந்து, தரையிலே பாய் விரித்த மாதிரி கிடந்தது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி 26 வருஷத்தில் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். (சிரிப்பு) "அத்தைக்கு இது போதும்ங்க" என்றாள். விலை 56 லட்சம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த 5 லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷக் கடைசியில் கான்கிரீட் எழும்பிவிட்டது. மார்கழி மாதம். காலை எட்டு மணி. அம்மாவைக் காரில் அழைத்துப் போனேன். முதல் மாடிதான். லிப்ட் வரவில்லை என்று நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு தொழிலாளிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத்திலே இறக்கினார்கள். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அம்மா மெதுவாக நடந்து அந்த ஓட்டைக்கு முன்னால் போய் நின்றார்கள். எதிரே ஒரு சுவர். அடுத்த மனைக்காரர் கட்டியது. பாசி படிந்து கறுத்துப் போன பழைய சுவர். அம்மா கையிலிருந்த குடையை நீட்டிப் பார்த்தார்கள். தொடவில்லை. இன்னும் ஒரு முழம் இருந்தால் தொட்டிருக்கும்.

அந்தச் சன்னல் பார்ப்பது வடக்கு. வடக்குச் சன்னலுக்கு நம்ம ஊரில் வெயில் வராதா? வரும். கோடையில், சூரியன் வடக்கே சாய்கிற மாதங்களில், ஓரமாய் எட்டிப் பார்க்கும். மார்கழியில் எட்டிக்கூடப் பார்க்காது. அது கிழக்குச் சன்னல் மாதிரி பாய் விரித்து வெயில் காட்டியது திரையில் மட்டும்தான்.

அம்மா ஒண்ணும் சொல்லல. "போலாமாய்யா" என்றார்கள். அந்த ஒரு சொல் இருக்கிறதே... சரி, விடுங்க.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இந்தப் படம் வரைகிற தொழிலில்தான் இருக்கிறான். நல்ல பையன். அன்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். "எப்படிப்பா வடக்குச் சன்னல்ல சூரியன் உதிச்சுது?" என்று கேட்டேன். சிரித்தான். "ஐயா, சூரியன் எங்களுக்கு ஒரு பல்பு மாதிரி. ஊரு, தேதி, மணி மூணையும் கொடுத்தா கரெக்டா அது நிக்க வேண்டிய எடத்துல நிக்கும். கொடுக்கலேன்னா எங்க அழகா இருக்கோ அங்க இழுத்து வெச்சுக்குவோம்" என்றான். பாருங்க, கருவியிலே குறை இல்லை. நக்கீரர் நட்ட கோல் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயும் இருக்கிறது. நடுவதற்குத்தான் ஆள் இல்லை!

விடவில்லை நான். "படுக்கையறை பத்துக்குப் பதினொண்ணுன்னு சொன்னாங்க. திரையில மைதானமா இருந்துச்சு. போய் நின்னா கையக் காலை நீட்ட முடியல. அது எப்படி?" என்றேன். அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான், இன்றைக்கு நான் இந்த மேடைக்கு வந்ததே அதைச் சொல்லத்தான். "ஐயா, நீங்க அந்த ரூமுக்குள்ள நின்னு பாக்கல. சுவருக்கு வெளிய நின்னு பாத்தீங்க. கம்ப்யூட்டர்ல கேமரா எங்க வேணா நிக்கும். முன்னால மறைக்கிற சுவரை மட்டும் காட்டாதேன்னு சொல்லிடலாம்."

அன்புள்ளவர்களே! முதல் மாடியிலே சுவருக்கு வெளியே நின்றுகொண்டு படுக்கையறையைப் பார்ப்பவர் யார்? ஒருவர், சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்க்கிற கொத்தனார். இன்னொருவர் திருடர்! (பலத்த சிரிப்பு) வீட்டுக்காரன் பார்க்கவே முடியாத ஓர் இடத்தில் நின்று எடுத்த காட்சியை வீட்டுக்காரனுக்கு விற்கிறார்கள். எங்க அணிக் கேமராவை அங்கே கொண்டு போங்கள் பார்ப்போம். முக்காலி சுவரில் இடிக்கும். ஐயா, இடிக்க வேண்டும்! இடித்தால்தான் அங்கே சுவர் இருக்கிறது என்று அர்த்தம்! (கைதட்டல்)

"அப்படியானால் போட்டோ பொய்யே சொல்லாதா?" என்று எதிரணியில் அம்மையார் புன்னகைக்கிறார்கள். சொல்லும். அகலக் கண்ணாடி லென்சைப் போட்டால் குருவிக்கூடும் மண்டபமாகத் தெரியும். நான் ஒத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் போட்டோ எடுப்பார்களே, அந்தக் காலத்து ஸ்டுடியோ. பின்னால் ஒரு படுதா தொங்கும். அதிலே மாடிப்படி, தூண், தடாகம், இரண்டு அன்னம். எங்க ஊர்ப் பெண்கள் எல்லோருடைய போட்டோவிலும் அதே மாடிப்படி. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்கு வந்து பார்த்தால், ஊரிலே மாடியே கிடையாது! (சிரிப்பு) முகத்துக்குப் பவுடர், நெகட்டிவில் டச்சிங், எல்லாம் உண்டு. ஆனால் நடுவர் அவர்களே, படுதா பொய்யாக இருக்கலாம், பெண் வந்து உட்கார்ந்தால்தான் போட்டோ. பெண்ணே பிறக்காமல் பெண் போட்டோ எடுத்த ஸ்டுடியோ எங்கேயாவது உண்டா? (நீண்ட கைதட்டல்)

அதிலும் இந்தச் சுற்றுப் படத்துக்கு ஓரம் கிடையாது. சாதாரணப் போட்டோவில் ஓதம் பிடித்த மூலையை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம். இதிலே எதை விடுவது? எடுக்கிறவரே ஒளிய இடமில்லாமல், பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறார். சில படங்களில் குளியலறைக் கண்ணாடியில் அவர் தலை தெரியும். கறையை அப்புறம் அழிக்கலாம், உண்மைதான். ஆனால் அழிக்க மெனக்கெட வேண்டும். மெனக்கெடாமல் விட்டால் உண்மை தானாக வந்து விழுந்துவிடும். கணினிச் சித்திரத்தில் கதை தலைகீழ். அங்கே உண்மையைக் கொண்டு வரத்தான் மெனக்கெட வேண்டும். ஓதத்தைக் காசு கொடுத்து யாராவது வரையச் சொல்வார்களா? பக்கத்து வீட்டுப் பாசிச் சுவரை? மாடியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டியை?

எதிரணித் தோழி ஒருவர் ஐக்கியா கடையின் கதையைச் சொன்னார். சுவீடனில் தொடங்கிய அந்த மேசை நாற்காலிக் கம்பெனி, 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரு நாற்காலியை முதன்முதலாகக் கணினியில் வரைந்து போட்டது. 2009இல் அவர்களுடைய தர அதிகாரிகளே வந்து, "உங்கள் கம்ப்யூட்டர் படங்கள் மோசம்" என்று சண்டை பிடித்தார்களாம். எடுத்துப் பார்த்தால், மோசம் என்றவை எல்லாம் போட்டோ, அருமை என்றவை கம்ப்யூட்டர். நல்ல கதை, நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, அந்த நாற்காலி கடையில் இருக்கிறதே! அளவெடுத்து வரைந்தார்கள். உட்கார்ந்து பார்த்து வாங்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். 56 லட்ச ரூபாய் வீட்டை எந்தக் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பது?

பாரிஸ் நகரத்து நோத்ர தாம் மாதா கோயிலையும் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தது, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள், கம்ப்யூட்டர் உதவியது என்றார்கள். எந்தக் கம்ப்யூட்டர்ப் படம்? ஆண்ட்ரூ டேலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர், தீ விபத்துக்குப் பல வருஷம் முன்பே, லேசர் கருவியை முக்காலியில் வைத்து, கோயிலுக்குள் இடம் இடமாக மாற்றி வைத்து, நூறு கோடிக்கு மேல் புள்ளிகளை அளந்தார். அதே இடங்களில் நின்று சுற்றுப் படமும் எடுத்தார். 2018இல் அவர் இறந்துபோனார். கோயில் எரிந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் விட்டுப்போன அளவுகள் திருப்பணிக்குக் கை கொடுத்தன. அது இருந்த சுவரை, இருந்தபடி அளந்த படம். அவரை எங்க அணிக்கு அனுப்பிவிடுங்கள்.

"கட்டாத வீட்டை எப்படிப் போட்டோ எடுப்பது?" இதுதான் அவங்க கையிலிருக்கும் கடைசி அம்பு. வீட்டைத்தான் எடுக்க முடியாது. மனையை எடுக்கலாமே! முதல் மாடி உயரத்துக்கு ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு, சன்னல் வரப்போகிற இடத்தில் நிறுத்தி ஒரு படம் பிடித்திருந்தால், அந்தப் பாசிச் சுவர் வந்து விழுந்திருக்குமே. கூடத்தை வரைந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே இருப்பதை வரையாதீர்கள். அது ஏற்கெனவே இருக்கிறது.

என் 5 லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதம் எழுதினேன். பதில் வந்தது. விளம்பரத் தாளின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். படங்கள் ஓவியரின் கற்பனை, உண்மைத் தோற்றம் மாறுபடலாம் என்று எறும்பு ஊர்வது போல ஒரு வரி. வெயில் மட்டும் சுவர் உயரத்துக்கு, கற்பனை என்ற சொல் மட்டும் எறும்பு உயரத்துக்கு!

2016ஆம் ஆண்டு வந்த ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு எனக்கு அப்புறம்தான் தெரியும். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி, அதில் சொன்னது பொய்யாகி நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு கொடுக்க வேண்டும். 13ஆம் பிரிவு, எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 56 லட்சத்தில் என்னிடம் வாங்கியது 5 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே! எவ்வளவு சட்டம் தெரிந்தவர்கள்! (சிரிப்பு)

சரி, வழக்குப் போடுவோம் என்று, அவர்கள் காட்டிய அந்தப் படத்தைத் தேடினேன். எனக்கு அனுப்பியிருந்த இணைப்பை அமுக்கினால் வெள்ளைத் திரை. எடுத்துவிட்டார்கள். நான் பதிவு செய்து வைத்துக்கொள்ளவில்லை. வீடும் இல்லை, வீட்டைக் காட்டிய படமும் இல்லை. என் மனைவி பிடித்த கைதான் சாட்சி. (சிரிப்பு) பதினொரு மாதம் நடந்து, ரத்துக் கட்டணம் என்று 50 ஆயிரத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். தாய்மார்களே, திரையில் எதையாவது காட்டினால் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள், பாதாம்பால் அப்புறம் குடிக்கலாம்.

2021. கொரோனா. ஊரை விட்டு ஊர் போக முடியாத நேரம். மதுரைக்கு வெளியே ஒரு பழைய தனிவீடு விலைக்கு வருகிறது என்று என் தங்கை மகன் சொன்னான். அவனே ஒரு சுற்றுக் கேமராவை இரவல் வாங்கி, வீடு முழுக்க எடுத்து அனுப்பினான். அம்மா கிராமத்தில். பக்கத்து வீட்டுப் பெண் தன் செல்போனில் திறந்து கொடுத்தாள். நான் இந்தப் பக்கம் இன்னொரு போனில். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். கூடத்தில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. நேரே கொல்லைப்புறம் போய்விட்டார்கள். அங்கே ஒரு கொடிக்கயிறு. அதில் யாருடையதோ ஒரு துண்டு காய்கிறது.

"ஏய்யா, இது எத்தன மணிக்குப் புடிச்சது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை மகனைக் கேட்டேன். படத்திலேயே நேரம் பதிந்திருந்தது. "காலைல ஏழே முக்கால் அம்மாச்சி" என்றான்.

"துண்டு நெழலு தரையில நீளமா கெடக்கு பாரு. அப்ப காலை வெயிலு மறைப்பில்லாம விழுகுது. இது இருக்கட்டும்யா" என்றார்கள் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அடுப்படி மூலையில ஓதம் ஏறியிருக்கு. வெலயக் கொறச்சுக் கேளு!" (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

குறைத்துத்தான் வாங்கினோம். ஓதத்துக்கு மறுபூச்சுப் பூசியாயிற்று. அந்தக் கொடிக்கயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள், வாடிக்கைதான். தீர்ப்புச் சொல்லும் முன் சந்தேகம் இருந்தால் காலை எட்டு மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கொல்லைப்புறத்தில் காலை நீட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார்கள், காபி கிடைக்கும்.